தின்றது பாதி, சிந்தியது பாதி: கேலக்ஸிக் கொத்துகளின் நடுவே நடப்பது

கேலக்ஸிக் கொத்து ஒன்றின் படத்தைத் திறந்தால் கண் நேராக நடுவில் போய் நிற்கும். சுற்றிலும் நூற்றுக்கணக்கில் சின்னச் சின்னக் கேலக்ஸிகள் இறைந்து கிடக்க, நடுவில் ஒன்று மட்டும் ஊதிப் பெருத்து உட்கார்ந்திருக்கும். பெர்சியஸ் கொத்தில் அது என்ஜிசி 1275. கன்னிக் கொத்தில் எம்87. கோமா கொத்தில் என்ஜிசி 4889, என்ஜிசி 4874 என்று இரண்டு. ஆங்கில ஆய்வுக் கட்டுரைகளில் இதை பிசிஜி என்பார்கள், 'கொத்திலேயே பொலிவானது' என்ற பொருளில். பெயரை அப்படியே நம்பிவிட வேண்டாம். கன்னிக் கொத்தில் மிகப் பொலிவானது எம்49. நடுவில் இருப்பது எம்87. இந்தப் பதிவில் 'நடுக் கேலக்ஸி' என்றே சொல்கிறேன்.

அந்தப் படத்தின் மாறுபாட்டை (கான்ட்ராஸ்ட்) ஏற்றிக்கொண்டே போங்கள். நடுக் கேலக்ஸியின் விளிம்பு விலகிக்கொண்டே போகும். ஒரு கட்டத்துக்கு மேல் அது கேலக்ஸியின் விளிம்பா, கேலக்ஸிகளுக்கு நடுவே மிதக்கும் வேறு ஏதோ ஒளியா என்று சொல்ல முடியாமல் போகும். கோமா கொத்தில் இப்படி ஓர் ஒளி இருப்பதாக ஃப்ரிட்ஸ் ஸ்விக்கி 1951இலேயே எழுதினார். இதற்குக் கொத்திடை ஒளி என்று பெயர். எந்தக் கேலக்ஸிக்கும் சொந்தமில்லாமல், கொத்தின் மொத்த ஈர்ப்புக்கு மட்டும் கட்டுப்பட்டுத் திரியும் விண்மீன்களின் ஒளி.

நடுக் கேலக்ஸியையும் கொத்திடை ஒளியையும் தனித்தனி அத்தியாயமாகப் படிப்பது வழக்கம். என் பார்வையில் இரண்டும் ஒரே கணக்கின் வரவும் செலவும். விழுந்த கேலக்ஸியில் நடுவரை வந்து சேர்ந்த பங்கு நடுக் கேலக்ஸி. வரும் வழியில் சிந்திய பங்கு கொத்திடை ஒளி. எவ்வளவு சேரும், எவ்வளவு சிந்தும் என்பதை இரண்டு விசைகள் தீர்மானிக்கின்றன. இரண்டையும் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடலாம்.

முதலாவது பிரேக். பெரிய கொத்துக்குள் கேலக்ஸிகள் நொடிக்கு சுமார் 1000 கி.மீ. வேகத்தில் திரிகின்றன. 32 லட்சம் ஒளியாண்டைக் கடக்க இந்த வேகத்தில் ஏறக்குறைய 100 கோடி ஆண்டு ஆகும். இவ்வளவு வேகத்தில் இரண்டு கேலக்ஸிகள் உரசிக்கொண்டால் ஒட்டாது. ஒன்றையொன்று ஊடுருவிக் கடந்து போய்விடும். ஒட்ட வேண்டுமானால் வேகம் குறைய வேண்டும். அந்த வேகத்தைக் குறைப்பது இயக்க உராய்வு. 1943இல் இதற்குச் சூத்திரம் எழுதியவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். கனமான பொருள் ஒன்று, கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டும் கரும்பொருளின் துகள்களுக்கும் விண்மீன்களுக்கும் நடுவே ஓடும்போது, அவை அதன் பாதையை நோக்கி வளைந்து அதற்குப் பின்னால் வந்து குவிகின்றன. அந்தக் குவியல் அதைப் பின்னோக்கி இழுக்கிறது. தொட்டு உரசும் உராய்வு இதில் எதுவுமில்லை. முழுக்க ஈர்ப்பின் வேலை.

எண் போடுவோம். நடுவிலிருந்து 3.26 லட்சம் ஒளியாண்டு தொலைவில் சுற்றும் கேலக்ஸியை எடுத்துக்கொள்ளுங்கள். கரும்பொருள் உறையையும் சேர்த்து அதன் நிறை 1 லட்சம் கோடி சூரிய நிறை. கொத்தின் வேகச் சிதறல், அதாவது கேலக்ஸிகளின் வேகங்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கின்றன என்ற அளவு, நொடிக்கு 1000 கி.மீ. சூத்திரத்தில் வரும் மடக்கைக் காரணியை 3 என்று வைத்தால், நடுவில் வந்து விழ சுமார் 130 கோடி ஆண்டு ஆகிறது. கொத்தின் வயதுக்குள் தாராளமாக முடிகிற காரியம். நிறையை மட்டும் பத்தில் ஒன்றாக்குங்கள். காலம் 1300 கோடி ஆண்டுக்கு ஏறிவிடும். பிரபஞ்சத்தின் வயதே 1380 கோடிதான். தொலைவை இரட்டித்தால் காலம் நான்கு மடங்கு. மடக்கைக் காரணியை 2 என்றோ 5 என்றோ வைத்தால் எண் நகரும், முடிவு நகராது: தடியான கேலக்ஸிகள் மட்டுமே நடுக் கேலக்ஸிக்கு இரையாகின்றன. சில்லறைக் கேலக்ஸிகள் வெளியே சுற்றிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது, ஓத விசை. கடல் நீரை நிலா இழுப்பது போல, கொத்தின் ஈர்ப்பு கேலக்ஸியின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் வெவ்வேறு அளவில் இழுக்கிறது. எந்த ஆரத்துக்கு வெளியே கேலக்ஸியால் தன் விண்மீன்களைப் பிடித்து வைக்க முடியாது என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. கேலக்ஸியின் நிறையை, அதன் சுற்றுப்பாதைக்குள் அடங்கிய கொத்து நிறையின் 3 மடங்கால் வகுத்து, கனமூலம் எடுத்து, நடுவிலிருந்து உள்ள தொலைவால் பெருக்குங்கள். மேலே சொன்ன கொத்தில் 3.26 லட்சம் ஒளியாண்டுக்குள் இருக்கும் நிறை சுமார் 46 லட்சம் கோடி சூரிய நிறை. உறையைப் பெரும்பாலும் இழந்து 10 ஆயிரம் கோடி சூரிய நிறைக்கு வந்துவிட்ட ஒரு கேலக்ஸி என்றால், விகிதம் 1400இல் ஒரு பங்கு. கனமூலம் சுமார் 11இல் ஒரு பங்கு. விடை சுமார் 29,000 ஒளியாண்டு. நம் பால்வீதியில் சூரியன் மையத்திலிருந்து ஏறத்தாழ 26,000 ஒளியாண்டில் இருக்கிறது. பால்வீதியைக் கொண்டுபோய் அந்த இடத்தில் வைத்தால், சூரியனைத் தாண்டிச் சற்றுத் தூரத்திலேயே வட்டு கழன்றுவிடும். நாம் தப்புவது மயிரிழையில்.

இதில் வரிசை முக்கியம். முதலில் உரிக்கப்படுவது வெளியே பரந்திருக்கும் கரும்பொருள் உறை. அதில் பெரும்பகுதி போன பிறகுதான் விண்மீன்கள் உதிரத் தொடங்குகின்றன. உறை போகப் போக நிறை குறையும். நிறை குறைந்தால் பிரேக் தளரும். பிரேக் தளர்ந்தால் நடுவுக்கு வருவது தாமதமாகும். அதாவது உரிபடுதல் விழுதலைத் தள்ளிப்போடுகிறது. சந்திரசேகர் சூத்திரத்தில் தொடக்க நிறையைப் போட்டு, அதையே கடைசிவரை வைத்துக்கொண்டு கணக்கிட்டால் நடுக் கேலக்ஸி உண்மையைவிட வேகமாக வளர்ந்துவிடும். முதன்முதலில் கணக்குப் போடுகிறவர்கள் பலரும் வழுக்கும் இடம் இது.

உதிர்ந்த விண்மீன்கள் எங்கே போகின்றன? கேலக்ஸிக்கு முன்னும் பின்னுமாக இரண்டு வால்களாக நீள்கின்றன. கோமா கொத்தில் 2023இல் அறிவிக்கப்பட்ட இழை சுமார் 17 லட்சம் ஒளியாண்டு நீளம். நூல் போல நேராக, கொத்தின் வெளிப்பகுதியில் கிடக்கிறது. அதன் பரப்புப் பொலிவு ஒரு சதுர விகலைக்கு 29.5 மாக்னிட்யூட். (ஒரு பாகையை 3600ஆகக் கூறிட்டால் ஒரு கூறு விகலை. மாக்னிட்யூட் எண் கூடக் கூட ஒளி மங்கும்.) இப்படிப்பட்ட வால்கள் சில சுற்றுகளில் கலைந்து, பொதுவான மங்கிய ஒளிக்குள் கரைந்துவிடும். கரைந்த பிறகு அவை நடுவில் விழுவதில்லை. ஒற்றை விண்மீனின் நிறைக்கு இயக்க உராய்வு என்பது இல்லாத மாதிரிதான். அதனால்தான் கொத்திடை ஒளி கூடிக்கொண்டே போகிறதே தவிர குறைவதில்லை.

வால் மட்டுமே வழி என்றும் நினைக்க வேண்டாம். தடியான கேலக்ஸி ஒன்று நடுக் கேலக்ஸியோடு கடைசியாக இணையும் தருணத்திலும் நிறையச் சிந்துகிறது. ஆற்றல் தாறுமாறாகப் பரிமாறப்படும் அந்தக் குழப்பத்தில், வந்த விண்மீன்களில் கணிசமான பங்கு நடுவில் தங்காமல் வெளியே எறியப்படுகிறது. போதாததற்கு, கொத்துக்குள் விழுவது தனிக் கேலக்ஸிகள் மட்டுமல்ல. சிறு குழுக்களும் மொத்தமாக விழுகின்றன. குழுக்களில் வேகம் குறைவு என்பதால் அங்கே இணைதல் எளிது. கொத்துக்கு வருவதற்கு முன்பே அவற்றுக்குள் சிதறிய ஒளி சேர்ந்திருக்கும். கொத்து அதை மூட்டையோடு வாங்கிக்கொள்கிறது.

சரி, சிந்தியது யாருடைய விண்மீன்கள்? எண்ணிக்கையில் குள்ளக் கேலக்ஸிகள்தான் அதிகம். ஆனால் அவற்றை எல்லாம் கூட்டினாலும் நிறை சொற்பம், நடுப்பகுதிக்கு அவை வருவதும் அரிது. பெரும்பங்கு பால்வீதி அளவுக் கேலக்ஸிகளிடமிருந்து வருகிறது என்பதே பெரும்பாலான கணினி மாதிரிகளின் விடை. ஹபிள் தொலைநோக்கி ஆழமாகப் படமெடுத்த ஏபெல் 2744 கொத்தில் கொத்திடை ஒளியின் நிறமும் அதையே காட்டியது. நிறத்தை இப்படிப் படிக்க வேண்டும்: நடுக் கேலக்ஸியின் மையம் சிவப்பு, அங்கே விண்மீன்கள் முதியவை, உலோகம் (வானியலில் ஹைட்ரஜன், ஹீலியம் தவிர்த்த எல்லாத் தனிமங்களும்) மிகுந்தவை. வெளியே போகப் போக நிறம் நீலத்தின் பக்கம் நகர்கிறது. பெரும்பாலும் உலோக அளவு குறைவதுதான் காரணம். பெரிய கேலக்ஸிகள் உலோகம் மிகுந்தவை, சிறியவை உலோகம் குறைந்தவை. எனவே வெளி ஒளியின் நிறம், உதிர்த்தவர் யார் என்பதற்கான கைரேகை. எல்லாமே பெரிய மோதல்களில் சிந்தியிருந்தால் நிறங்கள் கலந்து, இந்தச் சரிவு மழுங்கியிருக்கும்.

வேகமும் சாட்சி சொல்கிறது. ஏபெல் 2199 கொத்தின் நடுவில் உள்ள என்ஜிசி 6166இல் மையத்தில் விண்மீன்களின் வேகச் சிதறல் நொடிக்கு சுமார் 300 கி.மீ. சாதாரண நீள்வட்டக் கேலக்ஸியில் வெளியே போகப் போக இது குறையும். இங்கே ஏறுகிறது, வெளியுறையில் 800ஐத் தாண்டிவிடுகிறது. அந்தக் கொத்தில் கேலக்ஸிகள் திரியும் வேகச் சிதறலும் அதே அளவுதான். வெளியுறை விண்மீன்கள் இனி கேலக்ஸியின் பேச்சைக் கேட்பதில்லை, கொத்தின் பேச்சைக் கேட்கின்றன. ஆனால் ஒளிச் சரிவில் எந்த இடத்திலும் முறிவு தெரியாது. ஒளியை மட்டும் பார்த்து 'இதுவரை கேலக்ஸி, இதற்கு மேல் கொத்து' என்று கோடு போட முயல்பவர்களுக்கு என்ஜிசி 6166 நல்ல பாடம்.

வயதைப் பற்றி ஒரு குழப்பம் அடிக்கடி வரும். நடுக் கேலக்ஸியின் விண்மீன்கள் மிகப் பழையவை. ஆனால் கேலக்ஸி பழையதல்ல. டி லூசியாவும் பிளெய்ஸோவும் 2007இல் வெளியிட்ட மாதிரியில், இறுதியில் நடுக் கேலக்ஸிக்குள் வந்து சேரும் விண்மீன்களில் 80 விழுக்காடு செம்பெயர்ச்சி (பிரபஞ்ச விரிவால் ஒளி சிவப்பின் பக்கம் நகர்ந்த அளவு, எண் கூடினால் காலம் பழையது) 3க்கு முன்பே, அதாவது 1100 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிறந்துவிட்டன. ஆனால் நிறையில் பாதி ஒரே கேலக்ஸியாகச் சேர்ந்தது செம்பெயர்ச்சி 0.5க்குப் பிறகு, சுமார் கடந்த 500 கோடி ஆண்டுகளில். பழைய செங்கல், புது வீடு. அவதானிப்பில் வளர்ச்சி இதைவிட மிதமாகவே தெரிகிறது, செம்பெயர்ச்சி 0.9க்கும் 0.2க்கும் இடையே நிறை சுமார் 1.8 மடங்கானதாக 2012இல் ஓர் ஆய்வு கண்டது. மாதிரிக்கும் அளவீட்டுக்கும் இடையே நெடுநாள் இருந்த இழுபறியில் ஒரு பகுதி, சிந்திய பங்கைக் கணக்கில் எழுதாமல் விட்டதால் வந்தது.

சிறு கேலக்ஸிகளைத் தின்று வளர்வதில் இன்னொரு விளைவும் உண்டு. சம நிறைக் கேலக்ஸிகள் இரண்டு இணைந்தால் நிறை இரட்டிக்கும், ஆரமும் ஏறத்தாழ இரட்டிக்கும். அதே நிறையைச் சிறுசிறு கவளமாகத் தின்றால் ஆரம் நான்கு மடங்குவரை போகும், ஏனென்றால் தளர்வாகக் கட்டுண்ட விண்மீன்கள் வெளியுறையில்தான் படிகின்றன. நடுக் கேலக்ஸி அப்படிப் பூசினாற்போல் உப்பியிருப்பதற்கு இது காரணம்.

வாயு குளிர்ந்து புது விண்மீன்கள் பிறந்து வளராதா என்று கேட்கலாம். கொத்தை நிறைத்திருக்கும் வாயு கோடிக்கணக்கான டிகிரியில் எக்ஸ் கதிர் வீசுகிறது. ஆற்றலை இழந்தால் குளிர வேண்டும், குளிர்ந்தால் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் சூரிய நிறை நடுவில் கொட்ட வேண்டும். அப்படிக் கொட்டுவதில்லை. நடுக் கருந்துளையின் ஜெட்டுகள் வாயுவில் குமிழி ஊதிச் சூடேற்றிவிடுகின்றன. பெர்சியஸ் கொத்தின் எக்ஸ் கதிர்ப் படத்தில் குமிழிகளை நேரடியாகப் பார்க்கலாம். ஃபீனிக்ஸ் கொத்து போல ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான சூரிய நிறைக்கு விண்மீன்கள் பிறக்கும் இடம் விதிவிலக்கு.

இனி அளவெடுக்கும் பக்கம். தொல்லையெல்லாம் இங்கேதான்.

இருண்ட இடத்தில், நிலவில்லாத இரவில்கூட வானத்தின் பொலிவு சதுர விகலைக்கு சுமார் 22 மாக்னிட்யூட். கொத்திடை ஒளி 27 என்றால் வானத்தில் நூறில் ஒரு பங்கு. 28 என்றால் 250இல் ஒரு பங்கு. 29.5 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. படத்தில் கருவியின் ஏற்றத்தாழ்வைச் சமன்செய்யும் ஃப்ளாட் பிரேமில் அரை விழுக்காடு பிழை இருந்தாலே 28 மாக்னிட்யூட் ஒளி மொத்தமும் மூழ்கிவிடும். கூரைக்குள் திரையைக் காட்டி எடுக்கும் ஃப்ளாட்டில் ஒளி சீராக விழுவதில்லை. அதை நம்பி இந்த வேலையில் இறங்கக் கூடாது. அதே இரவுகளில், அதே பகுதிக்கு அருகில் உள்ள வெற்று வானத்தை டஜன் கணக்கில் படமெடுத்து, விண்மீன்களை மறைத்துவிட்டு, இடைநிலை எடுத்து ஃப்ளாட் தயாரிக்க வேண்டும். கொத்தைப் படமெடுக்கும்போதும் ஒவ்வொரு முறையும் தொலைநோக்கியை நன்றாக நகர்த்த வேண்டும். சில விகலை நகர்த்தினால் போதாது. தேடும் ஒளியின் அகலத்தைவிட நகர்வு பெரிதாக இருந்தால்தான் கருவியின் கறையும் வானத்தின் ஒளியும் பிரியும்.

அடுத்தது வானத்தைக் கழிப்பது. நல்ல ஒளி அதிகம் தொலைவது இந்தப் படியில்தான். சோர்ஸ் எக்ஸ்ட்ராக்டர் மென்பொருள் படத்தைப் பெட்டிகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் வான அளவை மதிப்பிடும். வழக்கமான பெட்டி 64 பிக்சல். பிக்சல் 0.2 விகலை என்றால் பெட்டியின் அகலம் 13 விகலை. கோமாவின் தொலைவில் அது வெறும் 20,000 ஒளியாண்டு. நடுக் கேலக்ஸியின் உறையோ பல லட்சம் ஒளியாண்டு. மென்பொருளுக்கு அந்த உறை வானமாகத் தெரியும், துடைத்துப் போட்டுவிடும். எஞ்சும் படம் மிகச் சுத்தமாக இருக்கும், அதில் கொத்திடை ஒளி இருக்காது. நடுக் கேலக்ஸியைச் சுற்றிக் கருப்பு வளையம் தெரிந்தால் வானத்தை அதிகமாகக் கழித்துவிட்டீர்கள் என்று பொருள். பெரிய கணக்கெடுப்புகளின் பழைய பட்டியல்களில் நடுக் கேலக்ஸிகளின் ஒளி குறைவாகப் பதிவானதும் இப்படித்தான். படம் முழுவதற்கும் ஒரே மாறிலியையோ, மிஞ்சினால் ஒரு சாய்தளத்தையோ மட்டும் கழிப்பது பாதுகாப்பு.

பொலிவான விண்மீன்கள் தனித் தலைவலி. விண்மீனின் ஒளி ஒரு புள்ளியில் நிற்பதில்லை. மங்கலாகப் பல கலை (ஒரு கலை 60 விகலை) தூரம் பரவுகிறது. அதோடு சென்சாருக்கும் வடிகட்டிக்கும் இடையே எதிரொளித்து வட்டவட்டமாகப் பேய்ப்பிம்பம் விழும். கன்னிக் கொத்தை பர்ரெல் ஷ்மிட் தொலைநோக்கியில் ஆண்டுக்கணக்கில் எடுத்த குழு, ஆர்க்டூரஸ் போன்ற மிகப் பொலிவான விண்மீனை வேண்டுமென்றே எடுத்து, ஒளி எப்படிப் பரவுகிறது என்று அளந்து, அந்த வடிவத்தை மற்ற விண்மீன்களிடமிருந்து கழித்தது. அலுப்பான வேலை, ஆனால் தவிர்க்க முடியாது. கண்ணாடியால் படமெடுக்காமல் லென்ஸ்களைக் கட்டாகக் கட்டிப் பயன்படுத்தும் டிராகன்ஃப்ளை கருவி உருவானதும் இந்தச் சிதறலைக் குறைக்கத்தான்.

பிறகு நம் பால்வீதியின் தூசு. விண்மீன் ஒளியைச் சிதறடித்து, மெல்லிய இழை இழையாக, ஓத வால் போலவே தோன்றும். கன்னிக் கொத்தின் திசையில் இது ஏராளம். தொலை அகச்சிவப்பு வரைபடத்தில் அதே இடத்தில் அதே இழை தெரிந்தால் அது தூசு, கொண்டாட்டத்தை நிறுத்திவிடலாம்.

மற்றக் கேலக்ஸிகளை மறைக்கும் முகமூடியின் அளவும் விடையை மாற்றும். சிறிதாக வைத்தால் அவற்றின் விளிம்பு ஒளி கொத்திடை ஒளிக் கணக்கில் ஏறிவிடும். முகமூடியைப் படிப்படியாகப் பெரிதாக்கி, விடை நகர்வது நிற்கும் இடத்தைப் பார்ப்பதே நல்ல சோதனை.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும், எந்த எண்ணைச் சொல்வது? 26.5 மாக்னிட்யூடுக்கு மங்கலானதெல்லாம் கொத்திடை ஒளி என்று வெட்டுவோர் உண்டு. இரண்டு சரிவு வளைகோடுகளைப் பொருத்தி வெளிக்கோடு கொத்திடை ஒளி என்போர் உண்டு. சிமுலேஷன் செய்வோர் ஒவ்வொரு விண்மீனின் வேகத்தையும் பார்த்துப் பிரிக்கிறார்கள். ஒரே கொத்துக்கு இந்த வழிகள் 10 விழுக்காடு என்றும் சொல்லும், 40 என்றும் சொல்லும். ஒரு கட்டுரையின் விழுக்காட்டை இன்னொரு கட்டுரையின் விழுக்காட்டோடு நேராக ஒப்பிட்டு, 'வளர்ந்தது, வளரவில்லை' என்று எழுதுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. நடுக் கேலக்ஸியையும் சுற்றிய ஒளியையும் கூட்டி, குறித்த ஒரு ஆரத்துக்குள் எவ்வளவு என்று சொன்னால் போதும், ஒப்பிடலாம். பிரிக்கிற வேலையை வேகம் அளந்தவர்களிடம் விட்டுவிடலாம்.

தொலைவில் உள்ள கொத்துகளுக்கு இன்னொரு வரி கட்ட வேண்டும். பிரபஞ்சம் விரிவதால் பரப்புப் பொலிவு செம்பெயர்ச்சியோடு ஒன்றைக் கூட்டியதன் நான்காம் அடுக்கில் மங்குகிறது. செம்பெயர்ச்சி 0.5இல் 5 மடங்கு. 1இல் 16 மடங்கு, அதாவது 3 மாக்னிட்யூட். அதைத் திருத்தாமல் ஒரே வெட்டைப் பயன்படுத்தினால், அந்தக் காலத்தில் கொத்திடை ஒளியே இல்லை என்று தோன்றும். 2023இல் ஹபிளின் அகச்சிவப்புப் படங்களைக் கொண்டு செம்பெயர்ச்சி 1க்கும் 2க்கும் இடைப்பட்ட 10 கொத்துகளை அலசியபோது, கொத்திடை ஒளி அப்போதே சராசரியாக 17 விழுக்காடு இருந்தது தெரிந்தது. கடைசி 500 கோடி ஆண்டுகளில்தான் எல்லாம் சிந்தியது என்ற கணக்குக்கு இது இடறல். குழுக்கள் மூட்டையோடு கொண்டுவந்த பங்கு நினைத்ததைவிடப் பெரிது என்பது ஒரு விளக்கம்.

இந்த ஒளிக்கு வேறொரு பயனும் உண்டு. விண்மீன்கள் கரும்பொருளைப் போலவே மோதாமல், ஈர்ப்புக்கு மட்டும் கட்டுப்பட்டு ஓடுகின்றன. எக்ஸ் கதிர் வாயு அப்படியில்லை. மோதலில் அது முட்டிப் பின்தங்கிவிடும். அதனால் கொத்திடை ஒளியின் சமவொளிக் கோடுகள் ஈர்ப்பு வில்லையால் (நிறை தனக்குப் பின்னாலிருந்து வரும் ஒளியை வளைக்கும் விளைவால்) வரைந்த கரும்பொருள் வரைபடத்தோடு வாயுவைவிட நன்றாகப் பொருந்துகின்றன.

2023 ஜூலையில் ஏவப்பட்ட யூக்ளிட் விண்கலம் முதலில் எடுத்த படங்களில் பெர்சியஸ் கொத்தும் ஒன்று. சுமார் 24 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள அந்தக் கொத்தில், நடுக் கேலக்ஸியைச் சுற்றி ஏறத்தாழ 20 லட்சம் ஒளியாண்டு ஆரம் வரை கொத்திடை ஒளியைப் பின்தொடர முடிந்தது. அனாதை விண்மீன்கள் சுமார் 1.5 லட்சம் கோடி இருக்கலாம் என்பது மதிப்பீடு. வெளி ஒளியின் மையம் என்ஜிசி 1275இன் மேல் விழவில்லை. மேற்கே சுமார் 2 லட்சம் ஒளியாண்டு தள்ளி விழுகிறது. கொத்து இன்னும் ஆடி அடங்கவில்லை, நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கே இடம் நிலைக்கவில்லை.